எழுதப்பட்ட நெறியும் எழாத கேள்வியும்

மருத்துவ நெறிமுறை என்பது மருத்துவர்களுக்கு உரிய பொருள். அதில் ஒரு பங்குத்தந்தைக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்களில் சிலர் எண்ணக்கூடும். நோயாளரைச் சந்திப்பது நமது பணியின் நீங்காத பகுதி. நற்கருணைச் சிமிழை ஏந்தி நாம் நுழையும் வீடுகளில், கட்டிலருகே ஒரு சிறு பலகையில் மருந்துப் பெட்டியும் சிகிச்சை அட்டையும் இருக்கக் காண்கிறோம். அந்த அட்டையில் எழுதியிருப்பதை யார் முடிவு செய்தனர், எதைக் கொண்டு முடிவு செய்தனர் என்னும் கேள்வி நெடுநாளாக நம்மைத் தொடர்ந்து வந்திருக்கிறது. விடை தேடிப் படித்தபோது, அட்டையில் எழுதப்பட்டதைக் காட்டிலும் எழுதப்படாமல் விடப்பட்டது பெரிதென்று உணர்ந்தோம். அதைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

நெறிமுறைகளைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. அவை எத்துணை நன்மை செய்திருக்கின்றன என்பதற்குக் காசநோயே சான்று. 1882-ஆம் ஆண்டு இராபர்ட் காஃக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். மருந்து கிடைக்க அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மருந்துகள் வந்த பின்னரும் நோய் ஒழியவில்லை. ஒரு மருத்துவர் ஒருவகை மருந்தையும், அடுத்த தெரு மருத்துவர் மற்றொரு வகையையும் எழுதினர். நோயாளர் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தினர். 1993-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய நெருக்கடி என அறிவித்தது. அடுத்து வந்ததே 'டாட்ஸ்' என்று நம் மக்கள் நன்கறிந்த நெறிமுறை. நுண்ணோக்கியால் சளியைச் சோதித்தல், வகுக்கப்பட்ட மருந்துத் தொகுதியைக் குறித்த காலம் கொடுத்தல், ஒருவர் கண்முன்னே விழுங்கச் செய்தல், தட்டுப்பாடின்றி மருந்து வழங்கல், பதிவேடு காத்தல் என்று எளிய முறையில் அது அமைந்தது. 1995 முதல் 2010 வரை இம்முறையால் 4 கோடியே 60 இலட்சம் பேர் வெற்றியுடன் சிகிச்சை பெற்றனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஒழுங்கின்மையில் மடிந்துகொண்டிருந்தவர்களை ஓர் ஒழுங்கு காப்பாற்றியது. இதை மறந்து பேசுவது நன்றி கொன்றதாகும்.

ஆயினும் அந்த நெறிக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. முதல் சிகிச்சையில் குணமாகாதவருக்கும், குணமாகி மீண்டும் நோயுற்றவருக்கும் என்ன செய்வது? முன்பு கொடுத்த அதே மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்றைக் கூட்டி எட்டு மாதம் கொடுக்க வேண்டும். 'இரண்டாம் வகைச் சிகிச்சை' என்பது அதன் பெயர். அந்த நோயாளரின் உடலில் உள்ள கிருமி இம்மருந்துகளுக்குக் கட்டுப்படுகிறதா என்று வளர்ப்புச் சோதனை செய்து பார்த்தல் இச்சிகிச்சைக்கு முன் கட்டாயமாக்கப்படவில்லை. அச்சோதனைக்குச் செலவு அதிகம். கிருமி மெல்ல வளர்வதால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கேற்ற ஆய்வுக்கூடங்களும் ஏழை நாடுகளில் மிகச் சில.

2003-ஆம் ஆண்டு வாக்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஒரு கடலோரப் பங்கில், வலை பின்னிப் பிழைத்த ஒருவரைக் கண்டோம். வயது நாற்பதுக்குள்தான். அக்காலத்தில் நம் நாட்டுத் திட்டத்தில் முதல் வகை மருந்து சிவப்புப் பெட்டியிலும் இரண்டாம் வகை மருந்து நீலப் பெட்டியிலும் வரும். இவர் சிவப்புப் பெட்டியை முடிக்கும் தறுவாயிலும் சளியில் கிருமி இருந்தது. எனவே நீலப் பெட்டி தொடங்கியது. வாரம் மூன்று நாள், இருபத்து நான்கு ஊசிகள். அவர் எலும்பும் தோலுமாகிக்கொண்டே வந்தார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டார், குடித்திருப்பார் என்று ஊரார் பேசினர். அவர் மனைவி அட்டையை நம் கையில் தந்து, "சாமி, ஒரு நாள்கூட விடலை, நீங்களே பாருங்க" என்றார். ஒரு கட்டமும் காலியாக இல்லை. மருந்து கொடுத்த சுகாதார ஊழியர் இரக்கமுள்ளவர். தம் கடமையில் எள்ளளவும் குறை வைக்காதவர். நெறிமுறை சொன்னதை அனைவரும் செய்தனர். அந்த மனிதருக்கு நோயில்பூசுதல் வழங்கி, சில வாரங்களில் அடக்கத் திருப்பலியும் நிறைவேற்றினோம். அவர் உடலில் இருந்தது எத்தகைய கிருமி என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. சோதித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லத் துணியவில்லை. அவரிடமிருந்து கற்றிருக்கக்கூடியதை ஒருவரும் கற்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இதே நிலை ஒரு நகரத்தின் விளிம்பில் நூற்றுக்கணக்கானோருக்கு நேர்ந்ததையும், அங்கு ஒரு குருவின் மரணம் கேள்வியை எழுப்பியதையும் பிற்பாடு படித்தறிந்தோம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகர் லீமாவின் வடகோடியில் கராபாய்யோ என்றொரு பகுதி. குடிநீரும் சாலையும் இல்லாத புழுதி மேடுகளில் ஏழைகள் குடிசையமைத்து வாழ்ந்த இடம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து சென்று அங்கே பணியாற்றியவர் அருள்பணி ஜாக் ரூசின். அவர் தூண்டுதலால், அவருடைய நண்பரான மருத்துவர் பால் ஃபார்மரும், அவருடைய தோழர் மருத்துவர் ஜிம் யோங் கிம்மும் 1990-களின் நடுவில் அங்கு ஒரு நலப்பணி அமைப்பைத் தொடங்கினர். 1995-ஆம் ஆண்டு அருள்பணி ரூசின் நோயுற்றுப் பாஸ்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். காசநோய் என்று தெரிந்து வழக்கமான மருந்துகளைக் கொடுத்தனர். அவர் இறந்துவிட்டார். அவருடைய கிருமி வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை என்பதைப் பாஸ்டன் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது.

ஒரு குரு தம் மக்களின் காற்றையே சுவாசிக்கிறார். அவருக்கு அந்நோய் வந்ததெனில், அது அங்குள்ள யாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். ஆனால் பெருவின் காசநோய்த் திட்டமோ உலகத்துக்கே முன்மாதிரி என்று புகழப்பட்டது, புகழுக்குத் தகுதியுடையதும்கூட. அங்கு மருந்து எதிர்ப்பு ஒரு பெருஞ்சிக்கல் என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. அந்த அமைப்பை அங்கு நடத்திய ஹைமே பயோனா என்னும் மருத்துவரும் தோழர்களும் குடிசைகளில் தேடிச் சென்றனர். அதே மருந்துகளை ஒருமுறை, இருமுறை, அதற்கு மேலும் உண்டு, இன்னும் இருமிக்கொண்டிருந்தவர்களைக் கண்டனர். சளி மாதிரிகளைப் பாஸ்டனுக்கு அனுப்பிச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. பலருடைய கிருமிகள் நான்கு, ஐந்து மருந்துகளை வென்றிருந்தன. முதல் சிகிச்சையில் இரண்டு மருந்துகளை வென்ற கிருமி, இரண்டாம் சிகிச்சையில் கூட்டப்பட்ட ஒற்றை மருந்தையும் வெல்லக் கற்றுக்கொண்டது. விதியை மீறியதால் மட்டுமன்று, விதியைப் பின்பற்றியதாலும் எதிர்ப்பு பெருகியது.

இவர்களுக்கு வேறு மருந்துகள் இருந்தன. அவை விலை மிகுந்தவை, நச்சுத்தன்மை உடையவை, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் தர வேண்டியவை. ஏழை நாடுகளில் இத்தகைய நோயாளருக்குச் சிகிச்சையளிப்பது செலவு மிக்கது. அந்தப் பணத்தில் எளிதில் குணமாகும் பலரைக் காப்பாற்றலாம் என்பதே அன்று உலக அளவில் வல்லுநர்களிடம் நிலவிய கருத்து. இதில் கொடுமை ஏதுமில்லை. குறைந்த பணத்தில் அதிகம் பேரைக் காக்க நினைப்பதும் ஓர் அறமே. எனினும் அந்தக் கருத்து நெறியாக எழுதப்பட்டவுடன் என்ன நிகழ்ந்தது என்பதை நோக்குங்கள்.

எதிர்ப்புக் கிருமியைச் சோதிக்க வேண்டியதில்லை என்பதால் அத்தகையோர் எத்தனை பேர் என்று எண்ணப்படவில்லை. எண்ணப்படாததால் சிக்கல் சிறியதாகத் தோன்றியது. அவர்களுக்குச் சிகிச்சை இல்லை என்பதால் அந்த மருந்துகளை வாங்க ஆள் இல்லை. வாங்க ஆள் இல்லாததால் விலை இறங்கவில்லை. விலை இறங்காததால் சிகிச்சை இயலாது என்னும் முடிவு மேலும் உறுதிப்பட்டது. குடிசைப் பகுதியில் இச்சிகிச்சை பலிக்கும் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டனர். செய்து பார்த்தவர் இல்லாதபோது சான்று எங்கிருந்து வரும்? நெறி கேள்வியைத் தடுத்தது. கேள்வி எழாததே பின்னர் நெறிக்குச் சான்றாயிற்று. அறிவியல் பொய்யினால் மட்டுமே தேங்குவதில்லை. முடிந்த காரியம் என்று ஒன்றை மூடி வைப்பதாலும் அது தேங்குகிறது.

ஃபார்மரும் கிம்மும் 1996-ஆம் ஆண்டு சிகிச்சையைத் தொடங்கினர். அரசுத் திட்டத்தினரின் எதிர்ப்பு இருந்தது. பணமும் கடனாகவும் கொடையாகவும் வந்தது. அப்பகுதி மக்களுள் சிலரையே பயிற்றுவித்து, நோயாளரின் வீட்டிற்குச் சென்று மருந்து கொடுக்கச் செய்தனர். நோயாளருக்கு உணவும் தந்தனர். 1996 முதல் 1999 வரை சிகிச்சையில் சேர்ந்த 75 பேரைப் பற்றிய அறிக்கை 2003-ஆம் ஆண்டு ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்தது. நான்கு மாதங்களுக்கு மேல் சிகிச்சை பெற்ற 66 பேரில் 55 பேர், அதாவது 83 விழுக்காட்டினர், குணமடைந்தனர் என்று கொள்ளத்தக்க நிலையை எய்தினர். 'இயலாது' என்ற சொல்லுக்குப் புழுதி மேட்டிலிருந்து விடை வந்தது. அந்த விடை அச்சேறுமுன்பே, 2000-ஆம் ஆண்டையொட்டி, பல நாடுகளுக்கும் சேர்த்து மருந்து வாங்கும் ஏற்பாடு அமைந்து, சில மருந்துகளின் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 2006-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமே எதிர்ப்புக் காசநோய்க்கான சிகிச்சை நெறிகளை வெளியிட்டது.

அந்த 'இரண்டாம் வகைச் சிகிச்சை' என்ன ஆயிற்று? 2009-ஆம் ஆண்டு உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளை ஒருங்கே திரட்டிப் பார்த்தவர்கள், அந்த எட்டு மாத முறையை ஒப்பிட்டுச் சோதித்த முறையான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று எழுதினர். வல்லுநரின் கருத்தில் பிறந்தது, சோதிக்கப்படாமலே கால் நூற்றாண்டு ஆட்சி செலுத்தியது. 2017-ஆம் ஆண்டுதான் அதை இனிக் கொடுக்க வேண்டாம், கிருமியைச் சோதித்து அதற்கேற்ற மருந்தைக் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டுகளில் நீலப் பெட்டியைத் திறந்தவர்களுள் நாம் அடக்கம் செய்த வலைத் தொழிலாளியும் ஒருவர்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் 'எப்பிக்கேயா' என்னும் நற்பண்பைப் பற்றிக் கற்றோம். அரிஸ்டாட்டிலிடமிருந்து புனித தோமா அக்குவினா எடுத்து விளக்கிய கருத்து அது. சட்டம் இயற்றுபவர் பெரும்பாலும் நிகழ்வதை மனத்தில் கொண்டே சட்டம் இயற்றுகிறார்; மனிதச் செயல்கள் எண்ணற்றவை ஆதலின் எல்லாம் அதில் அடங்கா. அடைக்கலமாகத் தந்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது நீதி. ஆனால் வாளை அடைக்கலம் வைத்தவன் பித்துப் பிடித்த நிலையில் வந்து கேட்டால் கொடுக்கலாமா? அங்கே எழுத்தை விட்டுச் சட்டத்தின் நோக்கத்தைப் பற்றிக்கொள்வதே நன்று என்பார் புனிதர். இது சட்டத்துக்கு எதிரான கலகமன்று. சட்டம் இயற்றியவரே அங்கிருந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்வதாகும். மருத்துவ நெறியும் அத்தகையதே. அது பெரும்பாலோருக்காக எழுதப்பட்டது. அது பொருந்தாத ஒருவர் வந்து நிற்கும்போது, அவரை விதியின் பிழையாகத் தள்ளிவிடாமல் புதிய கேள்வியாக ஏற்பவரிடமே அறிவு வளர்கிறது. கராபாய்யோவில் அந்தக் கேள்வியை எழுப்பியது ஏழைகளுக்கு முதலிடம் என்னும் நம்பிக்கை. லீமாவின் குருவும் இறையியலாளருமான குஸ்தாவோ குத்தியேரஸிடமிருந்து அதைக் கற்றதாக ஃபார்மர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்.

ஆனால் நெறியை வகுப்பவர்களே கேள்வியைத் திறந்து வைப்பதும் உண்டு. அதற்குச் சிறந்த சான்று நமது சென்னையிலேயே இருக்கிறது. 1950-களில் காசநோய்க்கு உகந்த இடம் நோயகம் என்பதே மருத்துவ மரபு. தூய காற்று, முழு ஓய்வு, சத்துணவு, குடும்பத்திலிருந்து பிரிவு என்பன அதன் கூறுகள். சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு மருத்துவர் சவுரிமுத்து நிறுவிய நோயகம் அந்த மரபின் நற்கனி. ஆனால் நாட்டிலிருந்த நோயாளர் தொகைக்குப் படுக்கைகள் ஒரு மூலைக்கும் போதா. அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி, 1956-ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் ஒரு மையத்தை அமைத்தன. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நோயகத்தில், மறு பிரிவினருக்கு அவர்கள் வாழ்ந்த நெரிசலான வீடுகளிலேயே, ஒரே மருந்து ஓராண்டுக் காலம் தரப்பட்டது. 1959-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் பெற்ற வீட்டு நோயாளரும் ஏறக்குறைய நோயகத்தாருக்கு இணையாகவே தேறினர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகெங்கும் நோயகங்கள் மெல்ல மெல்ல மூடப்பட இந்த ஆய்வு பெருங்காரணமாயிற்று. கராபாய்யோவின் குடிசைகளில் மருந்து ஏந்திச் சென்றவர்கள் சேத்துப்பட்டு திறந்த வழியிலேயே நடந்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பற்றாக்குறை இருந்தது. சென்னையில் படுக்கைகள் இல்லை. லீமாவில் பணம் இல்லை. சென்னையில் பற்றாக்குறை ஒரு கேள்வியைப் பெற்றெடுத்தது. லீமாவில், ஒரு குரு இறக்கும் வரை, அதுவே கேள்வியை மூடும் கதவாயிற்று. வேறுபாடு வல்லுநரின் அறிவில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று நெறிக்குள்ளேயே எழுதி வைக்கும் பணிவில் இருக்கிறது.

அந்தப் பணிவு இன்று சற்றே வளர்ந்திருப்பது ஆறுதல் தருகிறது. 2007-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் நெறிகளைத் தானே ஆராயும் குழுவொன்றை அமைத்தது. இப்போது ஒவ்வொரு பரிந்துரையோடும் அது உறுதியானதா, நிபந்தனைக்கு உட்பட்டதா, சான்றின் வலிமை எத்தகையது, இன்னும் ஆராய வேண்டியது யாது என்று எழுதுகின்றனர். இதன் பயனையும் காசநோயிலேயே கண்டோம். எதிர்ப்பு மிகுந்த காசநோய்க்கு மூன்று மாத்திரைகளை ஆறு மாதம் கொடுத்த ஆய்வில் 109 பேருள் 90 விழுக்காட்டினர் நற்பயன் பெற்றதாக 2020-ஆம் ஆண்டு செய்தி வந்தது. ஒப்பிட மற்றொரு பிரிவு இல்லாத சிறிய ஆய்வு அது. முன்போல் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ முடித்துவிடாமல், ஆய்வுச் சூழலில் பயன்படுத்திப் பார்த்து முடிவைப் பதிவு செய்யுங்கள் என்று அதே ஆண்டு நெறி வகுத்தனர். மேலும் ஆய்வுகள் நடந்தன. 2022-ஆம் ஆண்டு நான்காவது மருந்தொன்றும் சேர்ந்து பொதுப் பரிந்துரையாயிற்று. 2024-ஆம் ஆண்டு இந்திய அரசும் ஏற்றது. இரண்டு ஆண்டு ஊசியும் வேதனையும் பலருக்கு ஆறு மாத மாத்திரையாகச் சுருங்கிவிட்டன. முன்பு கேள்வியை அடைத்த நெறியே இப்போது கேள்விக்கு வாயிலாயிற்று.

நம் பங்குகளில் செவிலியர் உளர். மருத்துவமனை நடத்தும் அருள்சகோதரிகள் உளர். நோயாளர் வீட்டுக்குச் செல்லும் அன்பிய உறுப்பினர் உளர். நெறியை மீறுங்கள் என்று அவர்களுக்கு நாம் சொல்லமாட்டோம். அரைகுறையாய் மருந்தை நிறுத்துவதும், மருத்துவர் எழுதாததை உண்பதும் இந்நோயில் உயிருக்கே கேடு. ஆனால் நெறிப்படி எல்லாம் செய்தும் ஒருவர் தேறவில்லையெனில், 'இவர் ஒழுங்காக உண்டிருக்கமாட்டார்' என்று முதலில் நாவில் எழும் சொல்லை அடக்கிக்கொள்ளுங்கள். கிருமியைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். அச்சோதனை இன்று நம் அரசுத் திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புதிய கருவி இரண்டு மணி நேரத்துக்குள் முதன்மையான மருந்தொன்றுக்கான எதிர்ப்பைக் காட்டிவிடுகிறது. அந்த நோயாளரின் பெயர் பதிவேட்டில் ஏறும்படி பாருங்கள். நெறிக்கு அடங்காதவராய் ஒருவர் எண்ணப்பட்டால்தான் அடுத்த நெறி அவரையும் நினைத்து எழுதப்படும்.